கவுன்டி பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்துக்குத் தலைமையேற்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் குற்ற வழக்கில் சிக்கியவரிடம் வக்கீல் வைக்கக் காசில்லை என்றால், அவருக்காக வாதாட அரசே சம்பளம் கொடுத்து ஒரு வழக்கறிஞரை நிறுத்த வேண்டும். அந்த வழக்கறிஞருக்குத்தான் பப்ளிக் டிஃபெண்டர் என்று பெயர். 1963 மார்ச் 18 அன்று கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெருங்குற்ற வழக்குகளுக்கு இந்த உரிமையை உறுதி செய்தது. 1972இல் ஆர்கர்சிங்கர் வழக்கு, சிறைக்கு அனுப்பும் சிறுகுற்றங்களுக்கும் அதை நீட்டித்தது. தீர்ப்பு சொன்னது வாஷிங்டன்; கலிஃபோர்னியாவைப் போன்ற மாநிலங்களில் பணம் கட்டுவதோ பெரும்பாலும் கவுன்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற உள்ளூர் அரசு. இந்த அலுவலகத்தின் சிக்கல்களில் பாதி இந்த இடைவெளியில் பிறந்தவை.

தமிழ்நாட்டு நீதிமன்றங்களைத் தெரிந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்லலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களின் கீழ் 2022 முதல் விரிவாக்கப்பட்ட சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறை இதற்கு நெருங்கிய சொந்தம். ஆளுக்கு ஒரு கேஸ் என்று வெளி வழக்கறிஞர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல், முழுநேரச் சம்பள வழக்கறிஞர்களை ஓர் அலுவலகமாக அமர்த்துவதுதான் இரண்டுக்கும் அடிப்படை. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி 1914இலேயே இப்படி ஓர் அலுவலகத்தைத் திறந்துவிட்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த யோசனையை மேடையேற்றியவர் கலிஃபோர்னியாவின் முதல் பெண் வழக்கறிஞர் கிளாரா ஃபோல்ட்ஸ்.

ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டம் வேறு. கீழே வரும் கெடுக்களும் பிரிவுகளும் கலிஃபோர்னியாவுக்கு உரியவை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் சட்டத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையின் சாரம் எங்கும் ஒன்றுதான். நல்ல வழக்கறிஞர்கள் உங்களுக்குக் கிடைப்பார்கள். அவர்களுக்கு ஒரு கட்சிக்காரருக்காகச் செலவிட மணிநேரம் இருக்கிறதா என்பதுதான் தலைவராகிய உங்கள் பொறுப்பு. மற்ற எல்லாமே அந்த மணிநேரத்தைக் காப்பதற்கான வேலை.

பதவியை ஒப்புக்கொள்ளும் முன்

யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஃபுளோரிடாவிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் இது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. கலிஃபோர்னியாவின் மற்றக் கவுன்டிகளில், கவுன்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழு நியமிக்கிறது. விரும்பினால் அதே குழு நீக்கவும் முடியும். அநேகமாக எல்லாக் கவுன்டியிலும் அந்தக் குழுவில் ஐந்து பேர். உங்கள் பட்ஜெட்டுக்கும் வேலைக்கும் மூன்று ஓட்டு வேண்டும்.

ஆகவே மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தனிப்பட்ட எந்த வழக்கிலும் குழுவோ கவுன்டி நிர்வாகியோ தலையிடக் கூடாது. ஆள் எடுப்பதும் பதவி உயர்வு தருவதும் உங்கள் முடிவு. வழக்கறிஞர்களால் தாங்க முடியாத அளவுக்கு வழக்கு வந்தால் புதிய வழக்குகளை ஏற்க முடியாது என்று நீதிமன்றத்துக்குச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. மூன்றாவதைப் பேசும்போது எதிரில் இருப்பவர் முகம் மாறும். அந்தப் பேச்சு பதவி ஏற்கும் முன்பே நடந்துவிட வேண்டும். நெருக்கடி வந்த பிறகு தொடங்கினால் அதை மிரட்டலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

முதல் வாரம் எங்கே இருக்க வேண்டும்

அலுவலகத்தில் அல்ல. கைதானவர்கள் முதன்முறை ஆஜராகும் நீதிமன்ற அறையில் நாள் முழுக்க உட்காருங்கள். கையில் ஒரு நோட்டு போதும். ஒவ்வொருவருக்கும் உங்கள் வழக்கறிஞர் எத்தனை நிமிடம் பேசினார், எங்கே வைத்துப் பேசினார், பக்கத்தில் யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள், முதல் சந்திப்பிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடம் பேசிவிட்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் அங்கே இருந்தால், எந்த அறிக்கையும் அதைச் சொல்லாது. கண்ணால்தான் பார்க்க முடியும். பார்த்த கையோடு ஒப்புக்கொள்ள வைப்பது சோம்பலால் மட்டும் வரும் பழக்கமல்ல. அன்று மாலைக்குள் இன்னும் முப்பது பேரைப் பார்க்க வேண்டிய வழக்கறிஞர் வேறு வழியில்லாமல் அதில் விழுகிறார்.

அடுத்த நாள் ஜெயிலுக்குப் போங்கள். வழக்கறிஞர் அறைகள் எத்தனை, எந்த நேரம் திறக்கிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு மணிநேரச் சந்திப்புக்கு ஒன்றரை மணிநேரம் காத்திருக்க வேண்டியிருந்தால் வழக்கறிஞர்கள் போவதை நிறுத்திவிடுவார்கள். ஜெயிலை நடத்தும் ஷெரிஃப் அலுவலகத்தோடு பேசி அதைச் சரி செய்வது உங்களால் மட்டுமே முடியும்.

ஜெயில் தொலைபேசியைத் தனியாகக் கவனியுங்கள். கைதிகளின் அழைப்புகள் பதிவாகின்றன. வழக்கறிஞர் எண்கள் மட்டும் பதிவு செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரின் எண்ணும் மாற்றிய கைபேசி எண்ணும் அந்தப் பட்டியலில் ஏறாமல் விட்டுப்போகும். அப்போது கட்சிக்காரர் தன் வழக்கறிஞரிடம் மனம்விட்டுச் சொன்னது அரசுத் தரப்புக்கு எட்டும் ஒலிப்பதிவாகிவிடுகிறது. ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா எண்களையும் பட்டியலோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவாவதில்லை என்பதற்கு ஷெரிஃப் அலுவலகத்திடம் எழுத்தில் உறுதி கேளுங்கள்.

எண்ணத் தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

‘ஒரு வழக்கறிஞருக்கு எத்தனை வழக்கு?’ என்ற கேள்விக்கு நெடுங்காலம் 1973ஆம் ஆண்டின் தேசிய ஆலோசனைக் குழு எண்களையே பதிலாகச் சொன்னார்கள். ஆண்டுக்கு 150 பெருங்குற்றம், அல்லது 400 சிறுகுற்றம், அல்லது 200 சிறார் வழக்கு, அல்லது 25 மேல்முறையீடு. அந்த எண்களுக்குப் பின்னால் ஆய்வு எதுவும் இல்லை. கொலையும் பைக் திருட்டும் அதில் ஒரே கணக்கு. கைபேசித் தரவும் கேமராக் காட்சியும் இல்லாத காலத்து எண்கள் அவை. இன்றும் சில நிர்வாகிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

2023இல் ரேண்ட் ஆய்வு நிறுவனமும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் மற்றும் சிலரும் சேர்ந்து வெளியிட்ட தேசிய வேலைச்சுமை ஆய்வு, வழக்கை எண்ணுவதை விட்டு மணிநேரத்தை எண்ணியது. அதன்படி, பரோலே இல்லாத ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்குக்கு 286 மணிநேரம் வேண்டும். கொலைக்கு 248. கடும் பாலியல் குற்றத்துக்கு 167. மற்றக் கடும் பெருங்குற்றத்துக்கு 99. நடுத்தரப் பெருங்குற்றத்துக்கு 57, எளிய பெருங்குற்றத்துக்கு 35. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் கடுமையானதற்கு 33, எளியதற்கு 19. சிறுகுற்றத்தில் கடுமையானதற்கு 22.3, எளியதற்கு 13.8. புரொபேஷன் (சிறைக்குப் பதில் நிபந்தனையோடு வெளியே விடுவது) அல்லது பரோல் மீறலுக்கு 13.5.

இதை உங்கள் அலுவலகத்துக்குப் பொருத்துவது இப்படி. ஒரு கற்பனைக் கவுன்டியில் 20 வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் வந்த புதிய வழக்குகள்: எளிய பெருங்குற்றம் 600, நடுத்தரம் 200, கடுமையானது 40, கொலை 5, எளிய சிறுகுற்றம் 1,200, கடும் சிறுகுற்றம் 400, எளிய குடிபோதை ஓட்டல் 300, புரொபேஷன் மீறல் 400. ஒவ்வொன்றையும் அதன் மணிநேரத்தால் பெருக்கிக் கூட்டினால் 74,180 மணிநேரம். ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு 40 மணி என்றால் ஒருவரிடம் 2,080 மணி. வகுத்தால் 35.7. இருப்பது 20 பேர், வேண்டியது 36 பேர்.

அந்த 2,080 மணியும் ஒரு தாராளக் கணக்குதான். விடுமுறை, நோய், கட்டாயப் பயிற்சி, நீதிமன்றங்களுக்கு இடையே பயணம் எல்லாம் போனால் ஒருவரிடம் 1,700 மணி மிஞ்சுவதே பெரிது. அப்படிப் பார்த்தால் 44 பேர் வேண்டும். குழுவின் முன் இரண்டு எண்ணையும் வையுங்கள்; முதலாவதை வாதமாகவும் இரண்டாவதை விளக்கமாகவும்.

கணக்கு எங்கே தப்பும்? பெரும்பாலும் ‘ஒரு வழக்கு’ என்றால் என்ன என்பதில். ஒரே சம்பவத்தில் ஒருவர் மீது ஐந்து குற்றச்சாட்டு என்றால் அது ஒரு வழக்கு; அதில் மிகக் கடுமையான குற்றச்சாட்டின்படி வகை பிரியுங்கள். ஒரே ஆளுக்கு வேறு வேறு தேதிகளில் மூன்று சம்பவம் என்றால் மூன்று வழக்கு. ஆஜராகாமல் போய்ப் பிடிவாரண்ட் பிறந்து, எட்டு மாதம் கழித்துத் திரும்பியவரின் வழக்கைப் புதியது என்று எழுதக் கூடாது, மீண்டும் திறந்தது என்று தனிக் குறி போடுங்கள். அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் மாவட்ட அட்டர்னி அலுவலகம் வேறு முறையில் எண்ணும். நீதிமன்றம் மூன்றாவதாக ஒரு முறையில் எண்ணும். உங்கள் விதியை ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். பட்ஜெட் கூட்டத்தில் யாராவது ஓர் எண்ணைப் பிடித்து இழுத்தால் அந்த ஒரு பக்கம்தான் உங்களைக் காப்பாற்றும். ஊதிப் பெருக்கிய எண் ஒன்று அகப்பட்டால் மற்ற எல்லா எண்ணும் செத்துப்போகும்.

வழக்கறிஞர்களிடம் நேரப்பதிவு கேட்டால் முணுமுணுப்பார்கள். நாள் முழுக்க நிமிடம் நிமிடமாக எழுதச் சொல்லாதீர்கள். ஆண்டில் இரண்டு முறை, ஆறு ஆறு வாரம், பத்து வகைக்குள் போதும்: கட்சிக்காரரைப் பார்த்தது, ஆவணம் படித்தது, காணொளி பார்த்தது, சட்டம் தேடியது, மனு எழுதியது, நீதிமன்றத்தில் காத்திருந்தது, வாதாடியது என்கிற மாதிரி. காத்திருந்த நேரத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒரு நீதிபதி காலை 8:30க்கே எல்லா வழக்கையும் போட்டுவிட்டு 11 மணிக்கு உங்கள் ஆளைக் கூப்பிடுகிறார் என்றால், தலைமை நீதிபதியிடம் பேச ஆதாரம் கிடைத்துவிட்டது. நேரம் பிரித்துப் போடச் சொல்லி வாங்கும் இரண்டு மணிநேரம், புதிதாக ஆள் எடுக்காமலே கிடைக்கும் ஆள்பலம்.

முதல் 48 மணிநேரம்

கைதானவரைக் கலிஃபோர்னியாவில் 48 மணிநேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் இதில் சேராது. ஆனால் கைதுக்குப் போதிய காரணம் இருந்ததா என்று நீதிபதி பார்த்து முடிவு செய்வதற்கு உச்ச நீதிமன்றம் 1991இல் ரிவர்சைட் கவுன்டி வழக்கில் வைத்த 48 மணிநேரக் கெடுவில் வார இறுதியும் சேரும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இளம் வழக்கறிஞர்கள் உண்டு. பயிற்சியின் முதல் நாளே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

இந்த 48 மணிநேரத்தில் நடப்பதுதான் ஒருவருடைய வேலை, வீட்டு வாடகை, குழந்தையின் பொறுப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஜாமீன் கிடைக்காமல் மூன்று வாரம் உள்ளே இருந்தவர், குற்றம் செய்யாவிட்டாலும் வீட்டுக்குப் போவதற்காகவே ஒப்புக்கொள்வார். ஆகவே ஆள் போட வேண்டிய முதல் இடம் இதுதான். ஒரு வழக்கறிஞரும் ஒரு சமூகப் பணியாளரும் காலை 6:30க்கு ஜெயிலில் இருக்கட்டும். அவர்கள் கேட்க வேண்டியவை ஒரே தாளில் அடங்கும்: எங்கே வேலை, எத்தனை மணிக்கு ஷிஃப்ட், யார் வந்து நிற்பார்கள், என்ன மருந்து சாப்பிடுகிறார், வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறார், கையில் எவ்வளவு பணம் கட்ட முடியும். கடைசிக் கேள்வி முக்கியம். 2021இல் ஹம்ஃப்ரி வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், கட்ட முடியாத தொகையை ஜாமீனாக வைத்து ஒருவரை உள்ளேயே வைத்திருப்பது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்றது. ‘ஏழை’ என்று சொன்னால் போதாது. ‘200 டாலர்தான் முடியும், சம்பளச் சீட்டு இதோ’ என்று காட்ட வேண்டும்.

மருந்து பற்றிய கேள்வியைத் தவற விடாதீர்கள். மனநல மருந்து நின்றுபோனவர் நான்காம் நாள் நீதிமன்றத்தில் கத்துவார். அது அவர் பெயரில் இன்னொரு பதிவாகும்.

முரண் சோதனை

ஒரு கட்சிக்காரரின் நலன் உங்கள் அலுவலகத்தின் இன்னொரு கட்சிக்காரரின் நலனோடு மோதுகிறதா என்று பார்ப்பதே முரண் சோதனை. கட்சிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். ஒரே வழக்கில் இரண்டு பேர் கைதானால் பொதுவாக ஒருவரை மட்டுமே உங்கள் அலுவலகம் ஏற்க முடியும். மற்றவர் மாற்று அலுவலகத்துக்கோ, கவுன்டி பணம் கட்டி வைக்கும் வெளி வழக்கறிஞரான பட்டியல் வழக்கறிஞருக்கோ போக வேண்டும். இதை யாரும் மறப்பதில்லை. தவறு நடப்பது சாட்சிகளிடத்தில். அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி இரண்டு ஆண்டுக்கு முன் உங்கள் அலுவலகத்தின் கட்சிக்காரராக இருந்திருப்பார். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய உங்களிடம் இருக்கும் ரகசியமே தடையாகும். விசாரணைக்கு ஒரு வாரம் முன் இது தெரிந்தால் வழக்கைக் கைவிட வேண்டும். கட்சிக்காரர் புது வழக்கறிஞரோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும், அத்தனை நாளும் ஜெயிலில்.

ஆகவே போலீஸ் அறிக்கை வந்த அன்றே அதிலுள்ள எல்லாப் பெயரையும் கணினியில் தேடச் சொல்லுங்கள். பெயர் மட்டும் போதாது, பிறந்த தேதியும் வேண்டும். லத்தீன் அமெரிக்கக் கட்சிக்காரர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர் இருக்கும். எது முதலில் பதிவானது என்பது எழுதியவரைப் பொறுத்தது. இரண்டு வரிசையிலும் தேட வேண்டும். தமிழர் பெயர்களிலும் இதே தொல்லை உண்டு: அப்பா பெயர் சில ஆவணங்களில் முன்னால், சிலவற்றில் பின்னால்.

வழக்கறிஞர் மட்டும் போதாது

பப்ளிக் டிஃபெண்டர்களின் தேசியச் சங்கம் 2020இல் ஒரு விகிதம் சொன்னது. மூன்று வழக்கறிஞருக்கு ஒரு புலனாய்வாளர், மூன்று பேருக்கு ஒரு மனநலப் பணியாளர் அல்லது சமூகப் பணியாளர், பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வை வழக்கறிஞர், நான்கு பேருக்கு ஒரு சட்ட உதவியாளர், நான்கு பேருக்கு ஓர் அலுவலக உதவியாளர். மேலே சொன்ன 36 பேருக்கு 12 புலனாய்வாளர் என்று வரும். பல கவுன்டிகளில் இந்த எண்ணைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எதிர்த் தரப்புக்காகச் சம்பவ இடத்துக்குப் போக முழு போலீஸ் துறையும் இருக்கிறது, தடயவியல் கூடமும் இருக்கிறது. அந்தச் செலவு மாவட்ட அட்டர்னியின் பட்ஜெட்டில் தெரியவே தெரியாது. பட்ஜெட் ஒப்பிடும்போது இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

புலனாய்வாளர் இல்லாத இடத்தில் வழக்கறிஞரே சாட்சியைப் போய்ப் பார்ப்பார். பிறகு சாட்சி நீதிமன்றத்தில் பேச்சை மாற்றினால், ‘அன்று என்னிடம் வேறு மாதிரி சொன்னாய்’ என்று நிரூபிக்க வழக்கறிஞரே கூண்டில் ஏற வேண்டும். தன் கட்சிக்காரருக்கு வாதாட முடியாமல் போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே சாட்சிச் சந்திப்பில் எப்போதும் வேறொருவர் உடன் இருக்க வேண்டும். கடை வாசல் கேமராக் காட்சிகள் சில நாளிலோ சில வாரத்திலோ அழிந்துவிடும் என்பதால், வழக்கு வந்த 72 மணிநேரத்துக்குள் புலனாய்வாளருக்கு முதல் வேலைக் கடிதம் போக வேண்டும் என்று விதி வையுங்கள்.

சமூகப் பணியாளர் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஆதாரம் இருக்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வழக்கறிஞரும் சமூகப் பணியாளரும் குடியேற்ற வழக்கறிஞரும் ஒரே குழுவாக வேலை செய்யும் முறையை ஆராய்ந்தவர்கள், சிறைத் தண்டனை வரும் வாய்ப்பு 16 சதவீதமும் தண்டனைக் காலம் 24 சதவீதமும் குறைந்ததாகக் கண்டார்கள். கலிஃபோர்னியாவில் 2018 முதல் மனநலச் சிகிச்சைக்கு வழக்கைத் திருப்பிவிடும் சட்டப்பிரிவு இருக்கிறது. அதற்கு நோய் பற்றிய மதிப்பீடும் சிகிச்சைத் திட்டமும் படுக்கை கிடைக்கும் இடமும் மனுவோடு சேர வேண்டும். இதையெல்லாம் தேடித் தொலைபேசி செய்ய ஒரு வழக்கறிஞருக்கு நாள் முழுதும் ஆகும், சமூகப் பணியாளருக்கு இரண்டு மணிநேரம்.

யாருக்கு எந்த வழக்கு

முதல் நாளிலிருந்து தீர்ப்புவரை ஒரே வழக்கறிஞர் கூட இருப்பதே முறை. முதல் ஆஜருக்கு ஒருவர், முதல்நிலை விசாரணைக்கு ஒருவர், ஜூரி முன் இன்னொருவர் என்று மாறினால் கட்சிக்காரர் தன் கதையை ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்து, யாரையும் நம்பாமல் போவார். வழக்கறிஞரை மாற்றச் சொல்லி அவர் நீதிபதியிடம் கேட்கும் மார்ஸ்டன் மனுக்கள் ஒரு அறையில் கூடிக்கொண்டே போனால் அங்கே சந்திப்பு நடக்கவில்லை என்று பொருள். குறைந்தபட்சம் உள்ளே இருப்பவரை முதல் வாரத்தில் ஒருமுறை, பிறகு முப்பது நாளுக்கு ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். வழக்குக் கட்டில் தேதி இல்லாத சந்திப்பு நடக்காத சந்திப்பு.

புதியவரை நேராகப் பெருங்குற்றத்தில் இறக்காதீர்கள். முதலில் சிறுகுற்றம், அதில் குறைந்தது நான்கைந்து ஜூரி விசாரணையைத் தானே நடத்தட்டும். பிறகு எளிய பெருங்குற்றம், மூத்தவர் பக்கத்தில் இருக்க. ஆயுள் தண்டனை வழக்கில் எப்போதும் இரண்டு பேர். ஆள் பற்றாக்குறையில் இந்தப் படியைத் தாண்டத்தான் முதலில் தோன்றும். அங்கே நடக்கும் தவறு கட்சிக்காரரின் ஆயுளில் கழியும்.

கெடு விஷயத்தில் ஒன்று. காவலில் இருப்பவருக்குப் பெருங்குற்றத்தில் முதல்நிலை விசாரணை (வழக்கை நடத்தப் போதிய ஆதாரம் உண்டா என்று நீதிபதி பார்ப்பது) 10 நீதிமன்ற நாளில், அதன்பின் விசாரணை 60 நாளில். காவலில் உள்ள சிறுகுற்றத்துக்கு 30 நாளில். இவை கட்சிக்காரரின் உரிமை. ‘நேரம் விட்டுக்கொடுக்கிறோம்’ என்று சொல்லி வாய்தா வாங்குவது வேலைச்சுமைக்குச் சுலபமான மருந்து. வாய்தா வழக்கின் தேவையா, வழக்கறிஞரின் தேவையா என்று ஒவ்வொரு கட்டிலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஆள் பற்றாக்குறையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று தெரியும்.

கேமராக் காட்சிகள்

போலீஸ்காரர் சட்டையில் கேமரா வந்த பிறகு வேலை பல மடங்கானது. சாதாரணக் குடிபோதை வழக்கில் மூன்று அதிகாரிகள் இரண்டிரண்டு மணிநேரம் இருந்தால் ஆறு மணிநேரக் காட்சி. அதை வேகமாக ஓட்டிப் பார்ப்பவர், பின்னணியில் ஓர் அதிகாரி இன்னொருவரிடம் சொல்வதைக் கேட்க மாட்டார். வழக்கு அந்த ஒரு வாக்கியத்தில்தான் உடையும். சட்ட உதவியாளர் முதலில் பார்த்து நேரக்குறிப்போடு சுருக்கம் எழுதட்டும். முக்கியமான இடங்களை வழக்கறிஞர் முழுதாகப் பார்க்கட்டும். சேமிப்பிடத்துக்கும் மென்பொருளுக்கும் பட்ஜெட்டில் தனி வரி போடுங்கள். ‘அலுவலகச் செலவு’ என்ற தலைப்பில் ஒளித்தால் இரண்டாம் ஆண்டில் வெட்டிவிடுவார்கள்.

குடியேற்றமும் மொழியும்

2010இல் பெடில்லா வழக்குக்குப் பிறகு, ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படுவாரா என்று சொல்வது வழக்கறிஞரின் கடமை. கலிஃபோர்னியா சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், விளைவைச் சரியாகச் சொல்வதோடு அதைத் தவிர்க்க முயலவும் சொல்கிறது. ஒரே ஒரு நாள் எவ்வளவு பெரிது என்பதற்கு எடுத்துக்காட்டு: திருட்டிலோ வன்முறையிலோ ஓர் ஆண்டுத் தண்டனை குடியேற்றச் சட்டத்தில், நாடு கடத்தலுக்கு இட்டுச்செல்லும் ‘கடும் பெருங்குற்றம்’ ஆகிவிடலாம். 364 நாள் என்றால் ஆகாது. அதனால்தான் கலிஃபோர்னியா சிறுகுற்றத்தின் உச்சத் தண்டனையை 364 நாளாக மாற்றியது. குடியேற்றம் தெரிந்த ஒருவரை அலுவலகத்திலேயே வையுங்கள். ஒப்புதல் பேரத்தில் (குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைப்பது பற்றி அரசுத் தரப்போடு பேசுவதில்) அவரிடம் கேட்காமல் எதையும் முடிக்கக் கூடாது. எந்த நாட்டில் பிறந்தார் என்று எல்லாரிடமும் கேளுங்கள். ஆனால் அந்தப் பதில் நீதிமன்றத்துக்குப் போகும் எந்தத் தாளிலும் வரக் கூடாது.

மொழிபெயர்ப்பாளராக மனைவியையோ மகனையோ பயன்படுத்தாதீர்கள். அவர்கள் சாட்சியாக வரக்கூடியவர்கள், கட்சிக்காரரும் அவர்கள் முன் உண்மை பேச மாட்டார். ஸ்பானிஷுக்கு ஆள் உடனே கிடைக்கும். தமிழ் போன்ற மொழிக்கு நாளாகும். ஆகவே முதல் ஆஜரிலேயே நீதிமன்றத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சென்னைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தால் இருவரும் ஐந்து நிமிடம் சும்மா பேசிப் பார்க்கட்டும். புரியவில்லை என்றால் அப்போதே சொல்ல வேண்டும். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர் கூச்சத்தால் ‘யெஸ்’ என்று தலையாட்டுவதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பட்ஜெட்

கலிஃபோர்னியாக் கவுன்டியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. ஜூனில்தான் பொது விசாரணை நடக்கும், ஆனால் முடிவு அதற்கு வெகு முன்பே உருவாகிவிடும். துறைகள் குளிர்காலத்திலேயே கோரிக்கையைக் கொடுத்துவிட வேண்டும். செப்டம்பரிலேயே ஐந்து மேற்பார்வையாளர்களையும் தனித்தனியாகப் பார்த்து, ஒருமுறையாவது முதல் ஆஜர் நீதிமன்றத்தில் கொண்டுவந்து உட்கார வையுங்கள். அங்கே அரைமணி நேரம் இருந்தவருக்கு எண்கள் புரியும். ஜெயிலில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஆகும் செலவைக் கவுன்டி நிர்வாகத்திடமே கேட்டு வாங்குங்கள். முதல் ஆஜர் குழு எத்தனை பேரை எத்தனை நாள் முன்பாக வெளியே கொண்டுவந்தது என்பதோடு பெருக்குங்கள். அந்தத் தொகை உங்கள் கோரிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

முடியாது என்று சொல்ல வேண்டிய நாள்

எல்லாம் செய்தும் வழக்கு கூடிக்கொண்டே போகலாம். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2006இல் தந்த 06-441 எண் நெறிக் கருத்து, திறம்படச் செய்ய முடியாத அளவுக்கு வழக்கை ஏற்பது நெறிமீறல் என்கிறது. இந்தக் கடமை இளம் வழக்கறிஞருக்கு மட்டும் அல்ல, அவரை மேற்பார்க்கும் உங்களுக்கும் உண்டு. 2013இல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம், மயாமி-டேட் அலுவலகம் அதிகச் சுமையைக் காரணம் காட்டி வழக்குகளை மறுக்கலாம் என்று ஏற்றது.

வழி இது. முதலில் எண்களோடு தலைமை நீதிபதிக்கும் கவுன்டி நிர்வாகிக்கும் கடிதம். அறுபது நாள் கெடு. அதற்குள் மாற்றம் இல்லையென்றால் ஒரு வகை வழக்கை மொத்தமாக நிறுத்துங்கள்: இந்தத் தேதி முதல் எளிய சிறுகுற்றங்களில் புதியவற்றை ஏற்க மாட்டோம் என்று. அவை பட்டியல் வழக்கறிஞர்களுக்குப் போகும், கவுன்டி அவர்களுக்குத் தனியாகப் பணம் கட்டும். எது முக்கியம் எது இல்லை என்று ஒவ்வொரு வழக்கறிஞரும் தனக்குள் ரகசியமாக முடிவு செய்யும்படி விட்டுவிடாதீர்கள். அப்போது சத்தம் போடாத கட்சிக்காரர்தான் கைவிடப்படுவார்.

வழக்கறிஞர் இல்லாமல் மக்கள் ஜெயிலில் கிடப்பார்களே என்று உங்களை அப்போது குற்றம் சொல்வார்கள். அந்தக் கவலை நியாயமானது, அதற்கும் ஏற்பாடு செய்துதான் இறங்க வேண்டும். காவலில் இருப்பவரின் வழக்கை நிறுத்தாதீர்கள், வெளியே இருப்பவரின் வழக்கில் தொடங்குங்கள். ஆரிகன் மாநிலத்தில் வழக்கறிஞர் கிடைக்காமல் மக்கள் உள்ளே கிடந்தபோது, ஏழு நாளுக்குள் வழக்கறிஞர் தரப்படாதவரை விடுவிக்க வேண்டும் என்ற உத்தரவை 2024இல் ஒன்பதாவது வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பின் நகலைக் கடிதத்தோடு இணையுங்கள். கடிதத்தில் நீங்களே கையெழுத்திடுங்கள். எந்த ஜூனியரின் பெயரும் அதில் வர வேண்டாம்.